கேள்வி கேட்பது விசுவாசக் குறைவா?
தம்பி, இயேசு சாவிலிருந்து உயிர்த்தெழுந்ததற்கு ஆதாரம் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டதற்கு, அது விசுவாசக் குறைவு என்று அதட்டி இருத்திவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள்; வாசிக்கவே மனவருத்தமாக இருந்தது. 1823இலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வேதாகமத்தோடு வானியலும் கணிதமும் கற்பிக்கத் தொடங்கிய மண் இது; இங்கே கேள்வி கேட்பது எப்படி விசுவாசக் குறைவாகும்?

வேதாகமத்தில், திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்த இயேசு ஒரே வேளையில் 500க்கும் மேற்பட்டோருக்குத் தோன்றினார் என்று எழுதும் பவுல், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வேண்டியவர் போய் விசாரிக்கலாம் என்பதுதானே அதன் பொருள்? அவர்களின் பெயர்களை அவர் தரவில்லை என்பதும் உண்மையே. ஆகவே சான்று நம்மை வற்புறுத்தாது, நம்புவதற்கு நியாயம் மட்டுமே தரும். அந்த அதிகாரத்தோடு பங்குத் தந்தையிடம் தனியே சென்று கேளுங்கள்.