பூட்டிய வீடுகளும் பவர் பத்திரங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சென்னை, திருப்பூர், வளைகுடா, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டோம். ஊரைச் சுற்றி மனைப்பிரிவுகளும் ரிசார்ட்டுகளும் நெருங்கி வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் இருந்தும் பேச்சோடு நிற்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஆட்களின் பட்டியல், நிலத்தின் பட்டியல் என இரண்டு வேண்டும். கூட்டம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆட்களின் பட்டியல் பாதி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கோயில் கொடைக்கு (ஊர்த் திருவிழாவுக்கு)த் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டில், எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது, யார் பணம் அனுப்புகிறார் என்பது வரை எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த நோட்டை அப்படியே நம்ப வேண்டாம். காலனிக் குடும்பங்கள் பல ஊர்களில் அதில் இருப்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் இருக்காது. காலனியை விட்டுவிட்டுப் போடும் கூட்டம் ஊர்க் கூட்டமே அல்ல, கிராம சபையில் அது உடனே தெரிந்துவிடும். பெண்களோ சட்டப்படி பங்குதாரர்கள். அவர்களுக்குச் சொல்லாமல் எடுக்கும் முடிவை ஒரே ஒரு பாகப்பிரிவினை வழக்கு கலைத்துவிடும்.

அடுத்தது நிலம். அரசின் இணையச் சேவையில் பட்டா, ‘அ’ பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாடும் பரப்பும் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றை ஊருக்கு வராமலே பார்க்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். ஒருவருக்கு 25 சர்வே எண்கள் என்று பிரித்துக்கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பரப்பு, வகைப்பாடு (நன்செய், புன்செய், புறம்போக்கு), பட்டாதாரர், கடைசியாக நடந்த பதிவு, அந்த நிலத்துக்குப் போகும் பாதை ஆகிய ஐந்தையும் எழுதினால் போதும். குளம், ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை, மயானம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். அரித்துத் தின்னப்படுவது அங்கேதான் ஆரம்பிக்கும். 1980களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பல ஊர்களில் புறம்போக்குப் பகுதிகள் தனியார் பெயருக்கு மாறியிருக்கின்றன. அதனால் இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை மாவட்ட ஆவணக் காப்பறையில் மனுக் கொடுத்து வாங்கி, எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள்.

இந்த வேலை முடியும்வரை வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றி, வாரம் ஒரு செய்தி போடுங்கள். கொடைக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது, கொடை முடிந்த மறுநாள் காலை அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிப் பேசுங்கள். கொடை நாளிலேயே கூட்டம் வைத்தால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். அப்பா காலமான பிறகு நிலம் அண்ணன், நான், தங்கை மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. புரோக்கர் என்னிடம் மட்டும் பவர் (என் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கேட்கிறார். ‘உங்கள் பங்கை மட்டும் கொடுங்கள், ஊருக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறார்.
— வாசகர், துபாய்

பதில்: ஊருக்கு ஆகும். சிதறிப்போன ஊர்களின் நிலம் பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர்களின் கையெழுத்தில்தான் கைமாறுகிறது. ஊரில் இருப்பவர் விற்றால் மறுநாளே எல்லோருக்கும் தெரியும். வெளியூர்ப் பவர் பத்திரம் வேலி போட்ட பிறகுதான் தெரியவரும்.

மனைப்பிரிவு போடுகிறவர் எல்லா நிலத்தையும் வாங்கத் தேவையில்லை. சாலையோர நிலம், வாய்க்கால் கடக்கும் நிலம், கிணறு இருக்கும் பங்கு, இந்த மூன்றும் கையில் வந்தால் போதும். பின்னால் இருப்பவர்களுக்குப் பாதையும் தண்ணீரும் அடைபட்டு, வந்த விலைக்கு விற்பார்கள். உங்கள் பங்கைக் கேட்கிறார் என்றால் அது இந்த மூன்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

சட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆவது பிரிவின்படி, உயில் இல்லாமல் முதல் வகுப்பு வாரிசுகளுக்கு (பிள்ளைகள், மனைவி, தாய் போன்றவர்களுக்கு) வந்த சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்க முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆகவே, பணம் அவசியப்பட்டு விற்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அண்ணனுக்கும் தங்கைக்கும் விலையோடு எழுதிக் கேளுங்கள். அடுத்து ஊர்க் குழுவிடம் 60 நாள் அவகாசம் கொடுங்கள். இந்த 60 நாளைச் சட்டம் கேட்கவில்லை. ஊராகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான். மீறினால் வழக்குப் போட முடியாது என்றாலும், பல விற்பனைகள் இந்த இடைவெளியிலேயே நின்றுவிடும்.

பட்டா மாற்றம், வரி கட்டுவது போன்ற வேலைகளுக்கு ஸ்பெஷல் பவர் போதும். விற்க, பிரிக்க, அடமானம் வைக்க அதிகாரம் கொடுக்கும் ஜெனரல் பவரை யாருக்கும் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, ஏஜென்டுக்கும் நிலம் இருக்கும் சார்பதிவகத்துக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். பவர் ஏஜென்ட் திடீரென்று உங்களிடம் உயிர்வாழ் சான்று கேட்டால், கிரயம் எழுதப்போகிறார் என்று பொருள். காரணம் தெரியாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா? வெளியூரில் இருப்பவர்கள் வந்து கை தூக்கலாமா?
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களே கிராம சபை உறுப்பினர்கள். ஓட்டைச் சென்னைக்கு மாற்றியவர் பார்வையாளர்தான். கூட்டம் சேர்ப்பதற்காகப் பொய் முகவரி கொடுத்துப் பெயரைத் திரும்பச் சேர்க்காதீர்கள், அது குற்றம். எதிர்த்தரப்புக்குத் தீர்மானத்தையே உடைக்க ஆயுதம் கொடுத்ததாகவும் ஆகும்.

குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாளுக்கு முன்பே தீர்மான வாசகத்தை ஊராட்சித் தலைவருக்கும் (தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கும்) வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்று கூட்டத்தில் போய் ‘இதையும் சேருங்கள்’ என்றால் நேரமில்லை என்பார்கள்.

‘இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றை வரித் தீர்மானம் வீண். சர்வே எண், பரப்பு, ‘அ’ பதிவேட்டின்படி வகைப்பாடு, அந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போகிறது, எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பது வரை எழுதுங்கள். கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்துவைத்து, பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்குங்கள்.

மனைப்பிரிவு அனுமதியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தீர்மானத்துக்கு நேரடியாக இல்லை. ஆனால் அதிகாரியின் கோப்பிலும் நீதிமன்றத்திலும் அது சாட்சி. மேலூர் வட்டார மக்களைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிவானதும் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வட்டாரத்தில் உள்ள அரிட்டாபட்டி 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது அவர்களுக்குப் பெரிய பலம். உங்கள் ஊரில் அப்படியொரு குன்றோ குளமோ இருந்தால், திட்டம் வருவதற்கு முன்பே ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

கேள்வி: ரிசார்ட் கட்டுமானம் ஆரம்பித்துவிட்டது. வழக்குப் போட எவ்வளவு நாள் இருக்கிறது?
— வாசகர், சென்னை

பதில்: கெடுதான் இங்கே எல்லாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அனுமதியே இல்லாமல் கட்டுவது போன்ற மற்றவற்றுக்கு 6 மாதம், அதற்கு மேல் 60 நாள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். சென்னையில் இருப்பவர்கள் ஊருக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அதைத் தவிர்க்க ஒரே திட்டத்தை இரண்டு மூன்று பெயர்களில் உடைப்பது வழக்கமான தந்திரம். பாதை, நீர்த்தொட்டி, கழிவுநீர் நிலையம் பொதுவாக இருந்தால் அதை எழுதி, படத்தோடு காட்டுங்கள். ஹாக்கா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள மலைக் கிராமமா என்றும் பாருங்கள். அப்படியானால் அனுமதி நடைமுறையே வேறு.

10 ரூபாய்த் தகவல் உரிமை மனுவில் ‘முறைகேடு நடந்ததா?’ என்று கேட்காதீர்கள். இன்னின்ன சர்வே எண்களுக்கு வந்த மனைப்பிரிவு விண்ணப்பம், நீர்வளத்துறையின் வெள்ள பாதிப்புச் சான்று, வி.ஏ.ஓ.வின் தல ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

சுரங்கம், தொழிற்பேட்டை போன்ற பல திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்பு உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். உள்ளூர் மக்கள் நேரில் பேசலாம். வெளியூரில் இருந்தாலும் அக்கறைக்கு நியாயமான காரணம் உள்ளவர்கள் எழுத்தில் அனுப்பலாம். ஒரே கடிதத்தை 300 பேர் நகலெடுத்து அனுப்பினால் அதை ஒரே கருத்தாகச் சுருக்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சர்வே எண்ணை, ஒரு கிணற்றை எடுத்து எழுதுங்கள்.

கேள்வி: நான் மலேசியக் குடிமகன். வழக்குச் செலவுக்குப் பணம் அனுப்பலாமா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஊர்ச் சங்கத்தின் கணக்குக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரின் நன்கொடை, அவர் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கினால் ஒரு புகாரிலேயே முடங்கிவிடும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாட்டுவாழ் உறவினர்கள் வங்கி வழியாகத் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தரலாம்; அதற்கு இந்தத் தடை இல்லை. சங்கத்தை 7 பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வரவு செலவை மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். உங்களால் பணமில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய: புலப்படங்களை ஒட்டி ஊர் வரைபடம் தயாரிப்பது, பழைய பதிவேட்டைத் தட்டச்சு செய்வது, சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் தளத்தை மாதம் இருமுறை பார்த்து உங்கள் வட்டத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று சொல்வது.