முதலில் பாதை யார் பொறுப்பில் என்று கேளுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் உங்கள் லயத்துப் பாதையில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை) கான் (வடிகால்) வெட்டி, கிரவலைக் (சரளை மண்ணை) கொட்டிவிட்டு மூன்று மாதமாக ஆளே வரவில்லை, பிரதேச சபையில் கேட்டால் "தோட்டத்திடம் கேளுங்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பழைய பாட்டு. தோட்டப் பகுதிக்குச் செலவிட 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தடையாக இருந்தது உண்மைதான். 2018இல் அதைத் திருத்தி அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள்.

சபைத் தலைவரான தவிசாளரைத் தேடி அலையாதீர்கள். எங்கள் பாதைக்காக நானும் நாலு தடவை பஸ் ஏறினேன். நாலு தடவையும் "ஐயா வெளியே போயிருக்கிறார்". பிறகுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே, சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பாதை யார் பொறுப்பில், ஒப்பந்தம் யாருக்கு, மதிப்பீடு எவ்வளவு, முடிக்க வேண்டிய திகதி எது? அவ்வளவுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அடுத்த மழையில் கிரவல் கரைந்து கானுக்குள் இறங்குமுன் படம் எடுத்து வையுங்கள்.