கூடுதலாக உழைத்தோம், காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்!

கேள்வி: நாங்கள் லண்டன், ஹரோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவர், வயது 11, 8. கணவருக்கு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். பல வருடமாக, குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு அரசு தந்த வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் வாங்கி வந்தோம். 2023இல் நானும் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். 19,000 பவுண்டாக இருந்த குடும்ப வருமானம் அந்த வருடம் 25,000 ஆனது. பிறகு, 1,435 பவுண்ட் அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று கடிதம் வந்தது. 2024 அக்டோபர் 9ஆம் தேதி அதற்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறினோம். இப்போது அதில் மாதம் 94 பவுண்ட் பிடிக்கிறார்கள். 2025 ஜூனில் வந்த காசோ வழக்கத்தில் பாதிகூட இல்லை. நான் வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்கிறார் கணவர். யாழ்ப்பாணத்தில் என் பெயரில் ஒரு சீதனக் காணி உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதானே?
— ஒரு வாசகி, ஹரோ

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. டாக்ஸ் கிரெடிட் வாங்கியவர்கள் வேலை நேரம் குறைந்தால், துணை பிரிந்தால் அல்லது புதிதாகச் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்பது விதி. வருமானம் கூடுவதை வருட நடுவில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. சொல்லியிருந்தால் கடன் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் கடன் எப்படி வந்தது? டாக்ஸ் கிரெடிட் வருடக் கணக்கில் ஓடியது. ஏப்ரலில் புது வருடம் தொடங்கும்போது வரித் துறையின் கையில் இருப்பது உங்கள் போன வருட வருமானம் மட்டும்தான். அதை வைத்துக் காசு தரத் தொடங்குவார்கள். வருடம் முடிந்தபின் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று பார்த்துக் கணக்கை முடிப்பார்கள். இடையில் வருமானம் கூடியிருந்தால் முதல் 2,500 பவுண்டைக் கண்டுகொள்ளமாட்டார்கள். அதற்கு மேல் கூடிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 41 பென்ஸ் வெட்டு.

உங்களுக்குக் கூடியது 6,000. அதில் 2,500ஐ விட்டால் மீதி 3,500. அதில் 41 சதவீதம் சரியாக 1,435 பவுண்ட். கடிதத்தில் இருக்கும் எண் அதுதான். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

ஒருவேளை 2,400 பவுண்ட் மட்டும் கூடியிருந்தால் அந்த வருடம் ஒரு பென்னிகூடத் திருப்பிக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சலுகை ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த ஏப்ரலில் கூடிய வருமானம் முழுதும் கணக்கில் ஏறி, வரும் தொகை குறைந்துவிடும். வருமானம் இறங்கினாலும் இதே கதைதான். 2012க்குப் பிறகு, இறங்கியதில் முதல் 2,500ஐக் கணக்கில் எடுக்கவில்லை. ஓவர்டைம் போய் 2,000 பவுண்ட் குறைந்த குடும்பத்துக்கு அந்த வருடம் உதவி ஒரு பவுண்டும் கூடவில்லை.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் 2003இல் தொடங்கிய முதல் வருடத்திலேயே அரசு ஏறத்தாழ 19 லட்சம் குடும்பங்களுக்கு 220 கோடி பவுண்டை அதிகமாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டது. கூச்சல் கிளம்பவே, 2006இல் அந்த 2,500 வரம்பை 25,000 ஆக உயர்த்தினார்கள். அப்போது உங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கவே வாய்ப்பில்லை. அப்புறம் சிக்கனம் என்று சொல்லி 2011இல் 10,000, 2013இல் 5,000, 2016இல் பழையபடி 2,500. இப்படித்தான் கடன் வரும் என்று நன்றாகத் தெரிந்தபின்னும் அதே இடத்துக்கே திரும்பினார்கள். உங்கள் கடனில் பாதி உங்கள் உழைப்பால் வந்தது என்றால், மீதிப் பாதி அந்த முடிவால் வந்தது.

சரி, கட்டாமல் இருக்க முடியுமா? வருமானம் கூடியதால் வந்த கடன் என்பதால், நியாயமில்லை என்று மட்டும் சொல்லித் தப்புவது கடினம். வரித் துறை தன் கடமையில் தவறி, நீங்கள் தவறாமல் இருந்தால்தான் அந்த வாதம் எடுபடும். ஆனால் 25,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இருவருடைய பி60களையும் (முதலாளி வருட முடிவில் தரும் சம்பளச் சான்று) கூட்டி எழுதியிருந்தால் அது தேவைக்கு மேல் பெரிய எண்ணாக இருக்கலாம்.

ஏனென்றால், டாக்ஸ் கிரெடிட்டுக்கு வருமானம் சொல்லும்போது பென்ஷனுக்குக் கட்டிய பணத்தைக் கழிக்கலாம். சில பென்ஷன் திட்டங்களில் பி60இல் இருக்கும் சம்பளம் ஏற்கெனவே அதைக் கழித்த தொகைதான். ஆனால் சிறிய கடைகளும் பெட்ரோல் ஸ்டேஷன்களும் அதிகம் பயன்படுத்தும் நெஸ்ட் என்ற பென்ஷன் திட்டத்தில் அப்படி இல்லை. அதை நாம்தான் தனியாகக் கழிக்கவேண்டும், வரிச் சலுகையாக அதில் சேர்ந்த தொகையோடு. கோயிலுக்குக் கொடுத்த காசும் அப்படித்தான். திருவிழா உபயத்துக்கோ அன்னதானத்துக்கோ கொடுக்கும்போது கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் கழிக்கலாம். இரண்டும் சேர்ந்து 800 பவுண்ட் வந்தால் கடனில் 328 பவுண்ட் குறையும். முடிவை மாற்றக் கேட்பதற்கு 30 நாள்தான் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால், முடிவு வந்து 13 மாதம் வரை ஏற்க இடமுண்டு. அதனால் அந்தக் கடிதத்தின் தேதியைப் பார்த்துக்கொண்டு, பி60களோடு இந்த வாரமே, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போங்கள்.

94 பவுண்ட் பிடிப்பு, சட்டம் அனுமதிக்கும் உச்சத்தை ஒட்டியிருக்கிறது. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து அடிப்படைத் தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் பொதுவாகப் பிடிக்கக்கூடாது. 2025-26இல் உங்கள் இருவருக்கும் அடிப்படை 628.10 பவுண்ட், அதில் 15 சதவீதம் 94.21. இது தாங்க முடியவில்லை என்றால் யூனிவர்சல் கிரெடிட் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபியின் கடன் பிரிவுக்குப் போன் செய்து, வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் செலவு எல்லாம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்டவர்களுக்குக் குறைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் பலர் கேட்பதே இல்லை.

இனி ஜூன் மாதத்து விஷயம். டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு நாட்டிலிருந்தே போய்விட்டது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு வருடக் கணக்கு கிடையாது, மாதக் கணக்குதான். உங்களுடைய மாதம் 9ஆம் தேதி தொடங்கி அடுத்த 8ஆம் தேதி முடிகிறது. அதற்குள் யாருக்குச் சம்பளம் விழுந்தாலும், வரித் துறைக்கு முதலாளி அனுப்பும் தகவல் வழியாக அது தானாகவே கணக்கில் ஏறிவிடும். நீங்கள் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் முடியாது.

கணவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 2025 மே 9 ஒரு வெள்ளி. அதிலிருந்து நான்கு வாரம் கழித்து ஜூன் 6. இரண்டும் மே 9க்கும் ஜூன் 8க்கும் நடுவில் விழுகின்றன. அந்த ஒரு மாதத்தில் அவர் இரட்டிப்பாகச் சம்பாதித்ததாகக் கணினி நினைத்துக்கொள்ளும். அவர் கைக்கு 1,500 பவுண்ட், உங்களுக்கு மாதம் 600 என்று போட்டுப் பார்க்கிறேன். வாடகை உதவியும் பெறுவதால், 2025-26 விதிப்படி முதல் 411 பவுண்டை விட்டுவிட்டு, மீதியில் 55 சதவீதம் வெட்டுவார்கள். சாதாரண மாதத்தில் வெட்டு 928.95 பவுண்ட். இரண்டு சம்பளம் விழுந்த மாதத்தில் 1,753.95. அதாவது 825 பவுண்ட் கூடுதல் வெட்டு. வாடகை உதவி 1,200 என்றால், கடன் பிடிப்புக்கு முன் 1,530 வரவேண்டிய இடத்தில் 705தான் வரும். உங்கள் ஜூன் கதை அநேகமாக இதுதான்.

நான்கு வாரச் சம்பளம் வருடத்துக்கு 13 தடவை. ஆகவே இது வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வரும். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு சம்பளம் ஒரே மாதத்தில் விழுந்தால், ஒன்றை வேறு மாதத்துக்கு மாற்றும்படி கேட்க 2020 முதல் வழி உண்டு. நான்கு வாரச் சம்பளத்துக்கு அது இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், 13ஐ 12க்குள் அடைக்க முடியாது என்பதுதான் பதில். முதலாளி சம்மதித்தால் மாதச் சம்பளத்துக்கு மாறலாம். இல்லாவிட்டால் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை எண்ணி, அடுத்த இரட்டைச் சம்பள மாதத்தில் ஒரு சம்பளத்தைத் தொடாமல் வாடகைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

வேலையை விடுவதா? வேண்டாம். உங்கள் 600 பவுண்டில் 330 வெட்டுப்பட்டாலும் 270 வீட்டுக்கு வருகிறது. வருடம் 7,200 பவுண்ட் என்பதால் உங்களுக்கு வருமான வரியும் இல்லை. தக்க காரணமில்லாமல் வேலையை விட்டால் தண்டனையாகப் பணத்தைக் குறைக்கவும் விதியில் இடமுண்டு. கணவரிடம் 1,435ஐக் காட்டி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அழிந்துபோன ஒரு திட்டத்தின் பழைய கணக்கு.

கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் கேட்ட அந்தக் காணி. என்னை உண்மையில் கவலைப்படுத்துவது இதுதான். டாக்ஸ் கிரெடிட்டில் சொத்துக்கு வரம்பே இருக்கவில்லை. காணியைக் குத்தகைக்கு விட்டு வருமானம் வந்தால் அதைப் பார்ப்பார்கள், காணியைப் பார்க்கமாட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் உதவியே இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் குறைப்பார்கள். குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. வெளிநாட்டுக் காணி வரும். அதன் மதிப்பு, அங்கே இன்று விற்றால் போகும் விலைதான். அதில் விற்பனைச் செலவுக்கு 10 சதவீதமும், காணியின் மேல் அடமானக் கடன் இருந்தால் அதையும் கழிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து மாறச் சொல்லும் மைக்ரேஷன் நோட்டீஸ் வந்து மாறியவர்களுக்கு, 16,000க்கு மேலுள்ள சொத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை ஒன்று உண்டு. ஆனால் 12 கணக்கு மாதங்களுக்குத்தான். நீங்கள் 2024 அக்டோபர் 9இல் மாறியிருந்தால் அது 2025 அக்டோபர் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் காணியைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்து வரும் கடன் ஆயிரத்தில் நிற்காது.

ஒரு விலக்கு இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தலாம். அந்தக் காணியில் வீடு இருந்து, ஓய்வூதிய வயதைத் தாண்டிய உங்கள் அம்மாவோ அப்பாவோ அதைத் தம் வீடாகக் கொண்டு குடியிருந்தால், அதைச் சொத்துக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வெறும் காணி என்றால் இது உதவாது. உறுதியில் (காணிப் பத்திரத்தில்) சகோதரர்களின் பெயரும் இருந்தால் உங்கள் பங்கை மட்டுமே பார்ப்பார்கள். உறுதியின் பிரதி ஒன்றையும், அங்குள்ள மதிப்பீட்டாளரிடமிருந்து இன்றைய விலைக்கு ஒரு கடிதத்தையும் எடுப்பித்து வையுங்கள்.