குத்திக் கொடுத்த டின்

அன்புள்ள ஐயா,
பல்கலைக்கழகத்தில் எல்லைப்புற வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மலேசிய–தாய்லாந்து எல்லையிலுள்ள பாலிங், குரோ வட்டாரங்களில் அமைதி வந்ததற்குச் சாலைதானே காரணம்? கம்யூனிஸ்ட் போராளிகளோடு பிரிட்டிஷ் அரசு மோதிய மலாயா அவசரகாலத்தில் (1948–60) தோட்ட மக்கள் முள்வேலிக்குள் பாதுகாக்கப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். இது 'மனிதப் பாதுகாப்பு' ஆகுமா?
கோல கெட்டில் வாசகி

அன்புள்ள மகளே,

'மனிதப் பாதுகாப்பு', அதாவது மக்கள் அச்சமும் வறுமையும் இல்லாமல் வாழ்வது என்ற சொல்லை 1994இல் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை பரப்பியது. அதற்குமேல் தேடி அலையாதே. 1982இல் திறந்த, நீ சொல்லும் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலைக்கும் ஒரு வரி போதும். ஆனால் "பாதுகாக்கப்பட்டார்கள்" என்று எழுதும்முன் உன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

1950இல் பிரிட்டிஷ் அதிகாரி பிரிக்ஸ் வகுத்த திட்டத்தில் சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயங்களையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையும், ஒன்றாகக் குவித்து வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாதாம். அம்மா இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். வேலி வாசலில் காவலுக்கு நின்றவர் என் தாய்மாமாதான்; ஸ்பெஷல் கான்ஸ்டபிள். சொந்த அக்காவின் தூக்குச்சட்டியைத் திறந்து, குச்சியை விட்டுக் கலக்கிப் பார்ப்பார். அடியில் சோறு கிடக்கிறதா என்று. வரக்காப்பிதான் இருக்கும். அதோடு உச்சிவெயில் வரை மரம் வெட்டிப் பால் சுமந்தார். கடையில் உணவு டின் வாங்கினால் கடைக்காரர் குத்தித் துளைபோட்டுத்தான் கொடுப்பார், சேர்த்துவைக்க முடியாது. பட்டினி போட்டது காட்டிலிருந்தவனை மட்டுமா? யாருக்கு மகளே பாதுகாப்பு?

1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து பாலிங்கில் ஆயிரக்கணக்கானோர் பசியென்று தெருவுக்கு வந்தார்கள். உன் மாவட்டத்துக் கதை. உன் கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாவது உண்டா?

அந்தக் கம்யூனிஸ்டுகளோடு 1989இல் செய்த ஹட்யாய் அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு, ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் தாய்லாந்தின் பெத்தோங் பக்கம் குடியேறினார்கள். நிலம் கிடைத்தது, ரப்பர் நட்டார்கள். நல்லது, எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது. வேலிக்குள் 'பாதுகாக்கப்பட்ட' என் அம்மா முப்பது வருடம் மரம் வெட்டிவிட்டு லயத்தைக் காலிசெய்தபோது, ஒரு பூச்செடி நட இடமில்லை.

கடைசிக் காலத்தில் தாமான் குடியிருப்பில் உள்ள என் வீட்டில் இருந்தார். சார்டின் டின் வாங்கிவந்தால் அன்றே திறந்துவிடுவார். "நாளைக்கு ஆகுமே அம்மா" என்பேன்.

"வைத்திருந்தால் யாருக்கென்று கேட்பார்கள்" என்பார்.