அஞ்சு மணி ஓட்டு: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

எடின்பரோவுல டிகிரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை கிளாஸ் இல்ல, ஃப்ரீ பஸ் கார்டு இருக்கேன்னு பஸ் ஏறி ஹாலிரூட்ல இறங்கி ஸ்காட்லாந்து பார்லிமென்ட்ட பாத்துட்டு வந்தேன். உண்மைய சொன்னா ஏமாந்துட்டேன். ரெண்டு மணிக்கு யாரோ ஒருத்தர் வந்து சின்னதா ஒரு பிரசங்கம் மாதிரி பண்ணினார். அப்புறம் விவாதம், பாதி சீட் காலி, இருந்தவங்கள்லயும் பாதிப் பேர் லேப்டாப்பதான் பாத்துட்டு இருந்தாங்க. அஞ்சு மணி ஆனதும் எங்க இருந்துதான் வந்தாங்களோ, திபுதிபுன்னு உள்ள வந்து ஓட்டு போட்டாங்க, போட்டதும் கிளம்பிட்டாங்க. கடைசில ஒருத்தர் மட்டும் நின்னு காலி ஹால்ல பேசிட்டு இருந்தார். இதுக்கா 129 பேர்? பேச்சையே கேக்காம ஓட்டு போட்டா அது நாடகம்தானே? என் ரூம்மேட் கிளாஸ்கோ பொண்ணு, அது ஒரு பெரிய முனிசிபாலிட்டி, லண்டன்காரங்க நினைச்சா எப்ப வேணா கேன்சல் பண்ணிடுவாங்கன்னு சொல்றா. எனக்கு இங்க ஓட்டும் கிடையாது. நமக்கெதுக்குன்னு விட்டுடலாமா?

(பேர் போட வேணாம் ப்ளீஸ்)

வணக்கம்மா,

உங்க கடைசி கேள்விக்கு கடைசில வர்றேன், அதுல ஒரு தப்பு இருக்கு. முதல்ல நீங்க பாத்த மத்தியானத்த பாப்போம்.

ரெண்டு மணிக்கு பேசினாரே, அதுக்குப் பேர் டைம் ஃபார் ரிஃப்ளெக்ஷன். வாரத்துக்கு ஒரு தடவ, செவ்வாய்க்கிழமை முதல் அயிட்டம். பாதிரியார் வருவார், இமாம் வருவார், குருத்வாராவுல இருந்து வருவாங்க, கடவுளே இல்லங்கிற ஆளும் வருவார், யாரா இருந்தாலும் நாலு நிமிஷத்துல முடிச்சுக்கணும். நாலு நிமிஷத்துல முடிக்கிற சொற்பொழிவ வேற எங்க கேக்க முடியும், எனக்கு அதுக்காகவே அந்த சபைய பிடிக்கும்.

அடுத்து அந்த அஞ்சு மணி. வெஸ்ட்மின்ஸ்டர்ல, அதாவது லண்டன் பார்லிமென்ட்ல, விவாதம் எப்ப முடியுதோ அப்ப மணி அடிக்கும், எட்டு நிமிஷத்துக்குள்ள எங்க இருந்தாலும் ஓடி வந்து லாபிக்குள்ள வரிசையா நடந்து தலைய எண்ணிக்கிட்டு போகணும், ராத்திரி பத்து மணி ஆனாலும் அதேதான். 1998ல ஹாலிரூட்டுக்கு விதிமுறை யோசிச்சவங்க இந்தக் கூத்து நமக்கு வேணாம், பிள்ளைகுட்டிக்காரங்களும் எம்எஸ்பி, அதாவது இந்த சபை உறுப்பினர், ஆகணும்னு நினைச்சாங்க. சபைக்கு லீவு விடுறப்ப ஸ்காட்லாந்து ஸ்கூல் லீவ கணக்குல எடுக்கணும்னு விதியிலயே இருக்கு. அதே யோசனைலதான் அன்னைக்கு மத்தியானம் வந்த தீர்மானம் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சு அஞ்சு மணிக்கு மொத்தமா ஓட்டு. சபைத் தலைவர் ஒவ்வொண்ணா வாசிச்சு நாம எல்லாரும் ஒத்துக்கறோமான்னு கேப்பார், ஒருத்தர் நோன்னு கத்தினா ஓட்டெடுப்பு, கத்தலன்னா நிறைவேறிடுச்சு.

கோவிட் வந்தப்புறம் வீட்ல இருந்தும் ஓட்டு போடலாம்னு ஒரு ஆப் வந்துச்சு, அதுல இருந்து ஒரு புது காமெடி. ஓட்டு முடிஞ்சதும் யாராவது எழுந்து பாயின்ட் ஆஃப் ஆர்டர்னு ஆரம்பிச்சு, என் ஆப் கனெக்ட் ஆகல, ஆகியிருந்தா நான் ஆமான்னு போட்டிருப்பேன்பாங்க, தலைவர் பொறுமையா நன்றி, அது பதிவாகும்பார். அவர் உக்காந்ததும் அடுத்தவர் எழுந்து எனக்கும் அதேதான்பார். நீங்க போன அன்னைக்கு எப்படியோ, நான் பாத்த ஒரு நாள் இப்படியே ஓடுச்சு.

பேச்ச கேக்காம ஓட்டு போடுறது நாடகம்தானேன்னு கேட்டிருக்கீங்க. ஆமாம்மா, பெரும்பாலும் நாடகம்தான், மறைக்க என்ன இருக்கு. எப்படி ஓட்டு போடணும்னு கட்சிக் கூட்டத்துல முன்னாடியே முடிவாயிடுது, மத்தியானம் நாலு நிமிஷம் ஆறு நிமிஷம்னு பேசறதுல நிறைய எழுதி வச்சு வாசிக்கிறதுதான். வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு முதல்வர்கிட்ட கேள்வி கேக்கற நேரம் இருக்கு, டிவில வர்றதெல்லாம் அதுதான், அதுக்கு போயிருந்தா நல்ல சத்தம் கேட்டிருப்பீங்க, ஆனா அதுலயும் ஆளுங்கட்சி எம்எஸ்பி எழுந்து, நம்ம அரசு செஞ்ச இந்த நல்ல காரியத்த முதல்வர் வரவேற்கிறாரான்னு ஒரு கேள்வி கேப்பார் பாருங்க, பதில் வர்றதுக்குள்ள நமக்கே வெக்கமா இருக்கும்.

ஆனா அந்த காலி ஹால்ல பேசினவர நாடகத்துல சேக்காதீங்க. அது மெம்பர்ஸ் பிசினஸ். தனி உறுப்பினர் ஒருத்தர் கொண்டு வர்ற விஷயம், தொகுதில மூடப்போற ஆஸ்பத்திரி வார்டா இருக்கலாம், யாருக்குமே தெரியாத ஒரு நோயா இருக்கலாம். ஓட்டு கிடையாது, அதனால கூட்டமும் கிடையாது. ஆனா ஒரு மந்திரி கடைசி வரைக்கும் உக்காந்திருந்து எழுந்து பதில் சொல்லித்தான் ஆகணும், அது எழுத்துல பதிவாகும். கேலரில நீங்க தவிர ஒரு சின்ன கும்பல் இருந்துதா? அனேகமா அந்த வார்டுக்காரங்க, இல்ல அந்த நோய் வந்த குடும்பம்.

சரி, மத்தியானம் சீட் காலியா இருந்துச்சே, காலைல எங்க இருந்தாங்கன்னு யோசிச்சீங்களா? நீங்க தப்பான நேரத்துக்கு போயிட்டீங்க. சபை கூடுற நேரத்துல பொதுவா கமிட்டி கூடக்கூடாது, அதனால செவ்வாய் புதன் வியாழன் காலையெல்லாம் கமிட்டிதான். ஹாலிரூட்ல மேலவை கிடையாது. லண்டன்ல ஒரு சட்டத்த காமன்ஸ் அவசரத்துல சொதப்பினா லார்ட்ஸ்ல உக்காந்து திருத்துவாங்க, இங்க அப்படி யாருமில்ல. ஸ்டேஜ் 1ல இந்த சட்டம் தேவையா இல்லையான்னு கொள்கை அளவுல ஒரு முடிவு, ஸ்டேஜ் 2ல கமிட்டில வரி வரியா, ஸ்டேஜ் 3ல மறுபடி மொத்த சபை, அவ்வளவுதான். சட்டத்துல ஓட்டை இருந்தா அது மாட்ட வேண்டிய முக்கியமான இடம் அந்தக் காலைநேர ரூம்.

நான் ஒரு தடவ ஸ்டேஜ் 2 ஒண்ணுக்கு போய் உக்காந்திருக்கேன். குதிரைலாட மேஜைய சுத்தி பத்து பேர், ஆளுக்கு ஒரு கத்தை பேப்பர், திருத்தங்களோட வரிசைப் பட்டியல், மார்ஷல்ட் லிஸ்ட்னு சொல்றாங்க. முக்கால் மணி நேரம் ஒரே ஒரு வார்த்தைக்கு சண்டை. மசோதாவுல அமைச்சர்கள் இதச் செய்யலாம்னு இருக்கு, எதிர்க்கட்சி அம்மா ஒருத்தங்க செய்யணும்னு மாத்தச் சொல்றாங்க. அமைச்சர் ரொம்ப மரியாதையா, உறுப்பினரோட அக்கறை எனக்கும் இருக்கு, ஆனா இந்த வார்த்தை வேற சில இடத்துல இடிக்குது, ஸ்டேஜ் 3க்கு முன்னாடி உக்காந்து பேசுவோம், இப்ப ஓட்டுக்கு விட வேணாம்ங்கறார். அந்தம்மா அவரை ஒரு நிமிஷம் பாத்தாங்க. சரி, வாபஸ் வாங்கிக்கறேன், ஆனா திரும்ப வருவேன்னாங்க. எனக்கு அப்ப கொட்டாவிதான் வந்துச்சு. ஆனா பாருங்க, செய்யலாம்னு இருந்தா பணம் இல்லாத வருஷம் யாரும் செய்ய மாட்டாங்க, செய்யணும்னு இருந்தா கோர்ட்டுக்கு போகலாம், அந்த சட்டத்தோட உசிரே அந்த ஒரு வார்த்தைலதான் கிடந்துச்சு.

உங்க காலேஜ் பாத்ரூம்ல நாப்கின் ஃப்ரீயா வச்சிருப்பாங்களே, அது ஆளுங்கட்சி கொண்டு வந்த சட்டம் இல்ல. மோனிகா லெனான்னு லேபர் கட்சி எம்எஸ்பி கொண்டு வந்த தனிநபர் மசோதா. அரசாங்கத்துக்கு ஆரம்பத்துல இதுல இஷ்டமே இல்ல, செலவு எகிறும்னு சொன்னாங்க, கமிட்டி சாட்சி எடுத்து, வெளிய பிரச்சாரம் நடந்து, கடைசில 2020 நவம்பர்ல 121 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல. நீங்க சொன்ன அதே அஞ்சு மணி ஸ்டைல் ஓட்டுதான் அதுவும், பாக்க ஒண்ணுமே இருந்திருக்காது.

யார் இதையெல்லாம் எப்ப பேசலாம்னு முடிவு பண்றாங்கன்னு நீங்க கேக்கல, நானா சொல்றேன். பார்லிமென்டரி பீரோன்னு ஒரு சின்ன குழு, சபைத் தலைவரும், குறைஞ்சது அஞ்சு உறுப்பினர் இருக்கிற கட்சிகளோட பிசினஸ் மேனேஜர்களும், அதாவது கட்சி சார்புல சபை வேலைய பாத்துக்கறவங்களும். மூடிய கதவுக்குள்ள கூடுவாங்க. கட்சிக்கு எத்தன சீட்டோ அத்தன கனம் அவங்க ஓட்டுக்கு. வருஷத்துக்கு 16 அரை நாள் எதிர்க்கட்சிகளுக்கு, 12 அரை நாள் கமிட்டிகளுக்குன்னு விதி இருக்கு, மிச்ச நேரத்துல பெரும்பகுதி அரசாங்கத்தோடது. எனக்கு இதுல குறை உண்டு. ஒளிவுமறைவு இல்லாம நடக்கணும்னு கட்டின சபைல அஜெண்டா போடுற கூட்டம் மட்டும் கேமரா இல்லாம நடக்குது. குறிப்பு வெளியிடறாங்கதான், ஆனா அதுல பேரம் தெரியாது.

இப்ப உங்க ரூம்மேட் விஷயம். பாதி சரி. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், கரன்சி இதெல்லாம் லண்டன் தன் கையில வச்சுக்கிச்சு. உங்க விசாவுக்கும் ஹாலிரூட்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா 1998 ஸ்காட்லாந்து சட்டம் எழுதின விதத்த பாருங்க, எதெல்லாம் உங்களுக்குன்னு பட்டியல் போடல, எதெல்லாம் உங்களுக்கு இல்லன்னு பட்டியல் போட்டுச்சு, அதுல இல்லாதது பூரா இவங்களோடது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ், கோர்ட், சம்பளத்து மேல போடுற வருமான வரி விகிதம் வரைக்கும். 2006ல மூடின பொது இடத்துல சிகரெட்ட இங்கிலாந்துக்கு முன்னாடி தடை பண்ணினாங்க. 2011ல இருந்து மருந்துச் சீட்டுக்கு காசு கிடையாது. எந்த முனிசிபாலிட்டில இதெல்லாம் முடியும்னு கேளுங்க அவள.

கேன்சல் பண்றதும் நிஜமாவே நடந்திருக்கு. 2022 டிசம்பர்ல பாலின அங்கீகார சீர்திருத்த மசோதா, சட்டப்படி பாலினத்த மாத்திக்கறத சுலபமாக்குறது, திருத்தங்களுக்காக நள்ளிரவு தாண்டியும் உக்காந்து, 86க்கு 39ன்னு நிறைவேத்தினாங்க. அடுத்த மாசமே லண்டன் அரசு அந்த 1998 ஸ்காட்லாந்து சட்டத்தோட 35வது பிரிவ எடுத்து நிறுத்திடுச்சு, அந்தப் பிரிவ எடுத்தது அதுதான் முதல் தடவ. அதுக்கு முன்னாடி குழந்தைகள் உரிமை மசோதா ஒண்ணு, ஒருத்தர்கூட எதிர்க்காம பாஸானது, சுப்ரீம் கோர்ட் சில பிரிவுகள் அதிகார எல்லை தாண்டுதுன்னு 2021ல சொல்லிடுச்சு, திரும்ப எழுதி 2023 டிசம்பர்ல மறுபடி பாஸ் பண்ணினாங்க. ஆனா சபையவே கலைக்கிறது? ஸ்காட்லாந்து மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தாம ஒழிக்க முடியாதுன்னு 2016ல சட்டத்துல எழுதி வச்சிருக்காங்க. வெஸ்ட்மின்ஸ்டர் எழுதினத வெஸ்ட்மின்ஸ்டரே அழிக்கலாமேன்னு வக்கீலுங்க சண்டை போடுவாங்க, போடட்டும். சபை உண்மையிலேயே முடங்கிப் போறது எப்படி இருக்கும்னு தெரியணும்னா பெல்ஃபாஸ்ட்டுல இருக்கிற வட அயர்லாந்து சபையப் பாக்கச் சொல்லுங்க, 2017ல இருந்து மூணு வருஷம், 2022ல இருந்து மறுபடி ரெண்டு வருஷம் ஓடவே இல்ல.

அஞ்சு மணி ஓட்டு எப்பவுமே சடங்குன்னும் நினைச்சுடாதீங்க. தொகுதி சீட்டோட, கட்சி வாங்குற ஓட்டு விகிதத்துக்கு ஏத்த மாதிரி பிராந்திய சீட்டும் தர்ற இந்த தேர்தல் முறைல தனிப் பெரும்பான்மை கிடைக்கறது அபூர்வம், எஸ்என்பிக்கே, அதாவது ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கே, 2011ல ஒரு தடவதான், 69 சீட். அதுக்கு முந்தின சபைல 47 சீட்ட வச்சுக்கிட்டு ஆட்சி. 2009 ஜனவரி 28, பட்ஜெட் ஓட்டு, கிரீன் கட்சிக்காரங்க ரெண்டே பேர், வீடுகளுக்கு இன்சுலேஷன் போட ஒதுக்கின பணம் போதாதுன்னு கடைசி நிமிஷம் வரை பேரம் பேசி எதிர்த்து போட்டுட்டாங்க. 64க்கு 64. சபைத் தலைவர் அலெக்ஸ் ஃபெர்குசன் மரபுப்படி இருக்கிற நிலைமைக்கு ஆதரவா, அதாவது பட்ஜெட்டுக்கு எதிரா போட்டார், பட்ஜெட் காலி. ஒரே வாரம். அதுக்குள்ள மத்த கட்சிகளோட பேசி முடிச்சு 123க்கு 2ன்னு பாஸ் பண்ணினாங்க. அந்த ரெண்டு யாருன்னு நான் சொல்லணுமா.

அந்த கிரீன் கட்சிதான் 2020 பட்ஜெட்டுக்கு ஆதரவு தர்றதுக்கு வேற ஒண்ணு கேட்டு வாங்குச்சு, 18 வயசு வரைக்கும் பஸ் இலவசம். அப்புறம் அது 21 வயசு வரைக்கும்னு நீண்டு, 2022 ஜனவரி 31ல இருந்து ஓடுது. நீங்க ஹாலிரூட் வாசல்ல வந்து இறங்கினீங்களே, அந்த பஸ்தான்.

கடைசியா அந்தத் தப்பு. ஓட்டு கிடையாதுன்னு யார் சொன்னது? இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்குல வருவோம், முறையா விசாவுல அங்க குடியிருந்தா ஸ்காட்லாந்து தேர்தல்ல முன்னாடியே ஓட்டு உண்டு, 2020 சட்டத்துல காமன்வெல்த் இல்லாத நாட்டுக்காரங்களுக்கும் திறந்து விட்டுட்டாங்க. வயசு 16 ஆனா போதும். பேர பதிவு பண்ணணும், ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை, பண்ணுங்க. உங்களுக்கு தொகுதிக்கு ஒரு எம்எஸ்பி, பிராந்தியத்துக்கு ஏழு பேர், ஆக எட்டு பேருக்கு லெட்டர் போடலாம். கேலரிக்கு மறுபடி போறதா இருந்தா வியாழக்கிழமை டிக்கெட் கிடைக்கலன்னு கவலைப்படாதீங்க, செவ்வாய் காலைல கமிட்டிக்கு போங்க, ஸ்டேஜ் 2 நடக்குதான்னு சபையோட நிகழ்ச்சி நிரல் பிசினஸ் புல்லட்டின்ல போட்டிருக்கும், முந்தின நாள் பாத்துக்குங்க. காபி குடிச்சுட்டு போங்க, கொட்டாவிக்கு நான் பொறுப்பில்ல.