கெண்டோ கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம், எந்த வீடியோ?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கெண்டோ (மூங்கில் வாளால் ஆடும் ஜப்பானிய வாள்கலை) வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. சென்செய் (ஆசிரியர்) மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். இடைப்பட்ட நாட்களில் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், யூடியூபில் எதைப் பார்க்கலாம், பழைய ஜப்பானிய வாள்வீரர் முசாஷியின் புத்தகம் உதவுமா?

ஜப்பானில் வேலை பார்த்தபோது தொடங்கி இன்றும் ஷினாயை, அதாவது மூங்கில் வாளை, கீழே வைக்காதவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் யூடியூப். கண் தவறாகப் பழகிப்போவது அங்கேதான்.

‘அதிவேக இப்போன்கள்’ (இப்போன் என்றால் புள்ளி), ‘டாப் டென்’ என்று வரும் தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள். பார்க்க ஜோராக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் காட்சி தொடங்கும், விழுந்த கையோடு வெட்டிவிடுவார்கள், போதாததற்கு மேலே ஒரு டிரம்ஸ் இசையும் ஓடும். கெண்டோவில் அடி பட்டால் மட்டும் புள்ளி கிடைத்துவிடாது. கியாய் (அடிக்கும்போது எழுப்பும் குரல்), ஷினாய் படுவது, வலது கால் தரையில் விழுவது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதைத்தான் கி-கென்-தாய் என்கிறார்கள். இது சரியாக விழுந்ததா என்பதைக் கண்ணைவிடக் காது சுலபமாகப் பிடிக்கும். இசையைப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

அடித்த பிறகு என்ன செய்கிறார் என்பதும் கணக்கு. எதிராளியைக் கடந்து போய், திரும்பி, மறுபடி காமாயேவில் (தயார்நிலையில்) நின்று, இன்னொரு அடிக்குத் தயாராக இருக்க வேண்டும். இந்த ஜான்ஷின் இல்லாவிட்டால் நடுவர்கள் கொடியைத் தூக்க மாட்டார்கள். மூன்று நடுவரில் இருவர் தூக்கிப் புள்ளி கொடுத்த பிறகும், அடித்தவர் கையை உயர்த்திக் கொண்டாடினால் அதை ரத்து செய்ய விதியில் இடம் உண்டு. தொகுப்பு வீடியோவில் சரியாக அந்த இடத்தில்தான் கத்திரி விழுகிறது.

ஆகவே வெட்டாத முழு ஆட்டங்களைத் தேடுங்கள். அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்புக்குச் சொந்தமாக யூடியூப் சேனல் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 3-ஆம் தேதி நடக்கும் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப் ஆட்டங்களும் இணையத்தில் கிடைக்கும். ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு தாளால் திரையின் மேல்பாதியை மறைத்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். இடது குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியே இருக்கும். இடது கால் விரல்கள் வலது குதிகாலின் கோட்டைத் தாண்டி முன்னே வராது. அடித்த உடனே அந்த இடது கால் எவ்வளவு சீக்கிரம் இழுபட்டு வந்து சேர்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை இரண்டு ஷினாய்களின் நுனி மட்டும். யாருடைய நுனி நடுக்கோட்டைப் பிடித்திருக்கிறது, அது எப்போது விலகியது, விலகிய எவ்வளவு நேரத்தில் அடி வந்தது என்று பார்த்தால், ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றிய ஒன்றிரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பது பிடிபடத் தொடங்கும்.

இன்னொரு சங்கதி. சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் போலீஸ்காரர்கள், பணியின் பகுதியாகவே பயிற்சி செய்கிறவர்கள். இருபத்தைந்து வயதுக்காரரின் அந்தப் பாய்ச்சலை நாம் காப்பியடித்தால் குதிகால் நரம்புதான் போகும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது 8-ஆம் டான் (கெண்டோவின் தரநிலை) பெற்றவர்களின் ஆட்டங்களைப் பாருங்கள் என்பதுதான். 7-ஆம் டானுக்குப் பிறகு பத்து வருடம் கழிந்திருக்க வேண்டும், வயது 46 ஆகியிருக்க வேண்டும். அப்புறம்தான் அந்தத் தேர்வையே எழுத முடியும். நூறு பேர் போனால் ஒருவர் தேறுவதே பெரிய விஷயம். அவர்களுக்கென்று தனிப்போட்டியும் நடக்கிறது. அவசரம் இல்லாமல், தேவையில்லாத அடி ஒன்றுகூட இல்லாமல் ஆடுவார்கள். நாற்பதைத் தாண்டிய நமக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கும்.

புத்தகத்தால் ஆகாது, வீடியோவால் மட்டுமே ஆகும் என்றால் அது முடிச்சுகள். மென் (தலைக்கவசம்) கயிறு கட்டுவது, தலையில் தெனுகுயி (துணி) சுற்றுவது, ஷினாயைப் பிரித்து நான்கு மூங்கில் பட்டைகளையும் சிலாம்பு பார்த்துத் தேய்த்து மறுபடி சேர்ப்பது, நுனியிலிருந்து கால்பங்கு தூரத்தில் நகாயுய் (பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தோல் வார்) கட்டுவது எல்லாம் இதில் சேர்த்தி. படத்தைப் பார்த்து நகாயுய் கட்டினால் அரைமணி நேரத்தில் அவிழ்ந்துவிடும். போகு (கவச உடை) கடைக்காரர்கள் போட்டிருக்கும் வீடியோக்களே இதற்குப் போதும். சிலாம்பு பார்ப்பதை மட்டும் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். உடைந்த பட்டை மென் கம்பிகளுக்கு நடுவே நுழைந்தால் எதிராளியின் கண் போய்விடும்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஹிரோஷி ஒசாவா எழுதிய ‘கெண்டோ: தி டெஃபினிட்டிவ் கைட்’ வாங்குங்கள். பிடி, நிற்கும் நிலை, காலடி, போகு அணிவது, அடிகள் என்று வரிசையாகப் படம் போட்டு விளக்கியிருக்கும். ஒரே மூச்சில் படிக்கிற புத்தகம் இல்லை. சென்செய் வந்துபோன அன்று இரவு, அவர் திருத்திய விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, ஓரத்தில் பென்சிலால் அவர் சொன்னதை எழுதிவையுங்கள். புத்தகம் ஒன்று சொல்லி சென்செய் வேறு சொன்னால் சென்செய் பக்கம் நில்லுங்கள். அவர் உங்கள் தோளைப் பார்த்துச் சொல்கிறார்.

கூட்டமைப்பே வெளியிட்ட ஜப்பானிய-ஆங்கிலக் கெண்டோ அகராதி ஒன்று உண்டு; சின்னப் புத்தகம். வகுப்பில் காதில் விழும் சொற்களுக்கு அது கைகொடுக்கும். வரலாறு தெரிய வேண்டுமென்றால் அலெக்ஸாண்டர் பென்னட்டின் ‘கெண்டோ: கல்ச்சர் ஆஃப் தி ஸ்வோர்ட்’ (2015). இதைப் படித்தால் அடி திருந்தாது, ஆனால் இந்தக் கலையைச் சுற்றிச் சொல்லப்படும் பல கதைகள் எப்போது முளைத்தன என்று தெரியும்.

கட்டா (இருவர் சேர்ந்து செய்யும் வரையறுத்த வாள் பயிற்சி) விஷயத்தில் மட்டும் புத்தகமும் வீடியோவும் இரண்டுமே வேண்டும். மொத்தம் பத்து, ஏழு நீளவாள், மூன்று குறுவாள். 1912-இல் வகுத்தது. எத்தனை அடி நடக்க வேண்டும், வாள் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கூட்டமைப்பின் கையேட்டில் பாருங்கள். இரண்டு பேருக்கு நடுவே உள்ள வேகமும் மூச்சும் வீடியோவில்தான் தெரியும். அந்தக் கால ஆசான்கள் தகானோ சசாபுரோவும் நகயாமா ஹகுடோவும் கட்டா செய்யும் பழைய கருப்பு வெள்ளைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. தகானோ அந்தக் கட்டாவை வகுத்த ஐவரில் ஒருவர். ஆசைதீரப் பாருங்கள், ஆனால் தேர்வுக்கு அதைப் பார்த்துப் பயிற்சி செய்ய வேண்டாம். விவரங்கள் பின்னால் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கின்றன. உங்கள் நிலையில் அதற்கும் முன்னால், மரவாளை வைத்துச் செய்யும் ஒன்பது அடிப்படைப் பயிற்சிகள் இருக்கின்றன. 2003-இல் கூட்டமைப்பு கொண்டுவந்தது. ஜோடிக்கு ஒருவர் கிடைத்தால் போதும், போகுவே வேண்டாம். ஷினாயைச் சுழற்ற இடமில்லாத மொட்டைமாடியிலும் மெதுவாகச் செய்யலாம்.

கடைசியாக முசாஷி. ‘ஐந்து வளையங்களின் நூல்’ 1645 வாக்கில் எழுதியது. இன்றைய ஷினாயும் போகுவும் பயிற்சிக்கு வந்து நிலைத்தது அடுத்த நூற்றாண்டில். மென் (தலையில் விழும் அடி) அடிப்பது எப்படி என்று அதில் தேடினால் கிடைக்காது. மேலாண்மைப் புத்தகமாக விற்கிறார்கள் என்பதற்காக வாங்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஆடி, நுனியும் நடுக்கோடும் புரிந்தபிறகு எடுத்தால், தூரத்தைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் அவர் எழுதியிருப்பது உறைக்கும். இப்போதைக்கு அந்தக் காசில் ஒரு மரவாள் வாங்கிக்கொள்ளுங்கள்.