டிஎன்ஏவில் உள்ள தகவல் புரதமாக மாறுவது எப்படி? அதைப் படிப்பது யார்?

ஆர்என்ஏ வழியாக என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டாவது கேள்விதான் சுவையானது. பாடநூல்கள் அதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

முதலில் பாதை. ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் என்ற புரதச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். உட்கருவுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி, அந்த மரபணுவின் ஓர் இழையைப் பார்த்து ஆர்என்ஏ படி எடுக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் வரவேண்டிய இடங்களில் யுராசில் வரும். படியின் நடுவே புரதத்துக்கு உதவாத இன்ட்ரான்கள் இரண்டு இருக்கின்றன. அவை வெட்டி எறியப்பட்டு, மீதி மூன்று துண்டுகளும் ஒட்டப்படுகின்றன. அதன் பிறகே, தூது ஆர்என்ஏ எனப்படும் இந்தப் படி வெளியே வந்து, புரதத்தைக் கட்டும் ரைபோசோமைச் சேர்கிறது.

ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து நகர்கிறது. இந்த மூவெழுத்துக் கோடான்கள் மொத்தம் 64. அவற்றில் 61, புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களைக் குறிக்கும். மற்ற மூன்றும் 'நிறுத்து' என்ற ஆணை. பீட்டா குளோபினின் ஆறாவது இடத்தில் ஜி-ஏ-ஜி இருந்தால் குளுட்டாமிக் அமிலம், ஜி-யு-ஜி இருந்தால் வேலின். இந்த ஓரெழுத்து மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் அரிவாள் செல் இரத்தசோகை.

ஜி-ஏ-ஜி என்றால் குளுட்டாமிக் அமிலம் என்பது ரைபோசோமுக்குத் தெரியுமா? தெரியாது! அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் கடத்தி ஆர்என்ஏவின் மூன்றெழுத்துகள் கோடானோடு பொருந்துகின்றனவா என்பதே அதன் கவலை. மறுமுனையில் தொங்குவது எதுவென்று அது பெரிதாகச் சோதிப்பதில்லை. 1962இல் இதை ஒரு குறும்பான சோதனை காட்டியது. சிஸ்டீனைச் சுமந்த கடத்தி ஆர்என்ஏவை எடுத்து, சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை நிக்கல் வினையூக்கியால் நீக்கி அலனினாக மாற்றினார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆக, உண்மையில் சங்கேதம் தெரிந்தவை, சரியான அமினோ அமிலத்தைச் சரியான கடத்தி ஆர்என்ஏவில் ஏற்றும் சிந்தட்டேஸ் நொதிகள்தான். அவற்றின் கண்டிப்பு அசாத்தியமானது. ஐசோலூசினுக்கும் வேலினுக்கும் வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே. ஐசோலூசினுக்கான நொதி சில சமயம் ஏமாந்து வேலினைப் பிடித்துவிடும். ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் இன்னொரு குழி அந்த வேலினை வெட்டி வெளியேற்றிவிடும். பெருமையெல்லாம் ரைபோசோமுக்கே போய்ச் சேர்வதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

தகவல் எதிர்த்திசையில் போகுமா என்றால், ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவுக்குப் போகும். ஆர்என்ஏவை மரபுப்பொருளாகக் கொண்ட ரெட்ரோவைரஸ்கள் அப்படிச் செய்வதை 1970இல் டெமின், பால்டிமோர் என்ற விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டார்கள். புரதத்தின் வரிசையைப் படித்து டிஎன்ஏ எழுதும் நொதி எதுவும் இதுவரை அகப்படவில்லை. அப்படி நடக்காது என்று, டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான கிரிக் 1957லேயே சொல்லிவிட்டார்.